கோயில் வாசலில் கழற்றின கொடி

வேண்டாம் அக்கா, தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம், நீங்கள் எழும்பாதேங்கோ. நான் இந்தக் கதவோரம் இருக்கிறன். நாய் கட்டித்தானே கிடக்குது? கேற்றைத் திறக்கேக்கயே குரைச்சது. கொட்டாஞ்சேனையில இருந்து ஹெந்தளை என்ன தூரம், இந்தா எண்டு போயிடலாம் எண்டு நினைச்சு வெளிக்கிட்டன். வழியில செக்கிங் எண்டு ஆமிக்காரர் பஸ்ஸால இறக்கினாங்கள், ஏத்தினாங்கள், திரும்ப இறக்கினாங்கள். இருட்ட முந்தி நான் போய்ச் சேர வேணும். இருட்டினால் என்ர ஐசியை, அடையாள அட்டையைக் கண்டவுடன அவங்களுக்கு ஒரு மாதிரி ஆகிடும்.

என்னை மட்டுக்கட்டேல்லையோ? மரியகொறற்றி. எங்கட கோயில்ல பீடத்துத் துணி தோய்க்கிறது, பூ மாத்துறது... ஓம், அதேதான். உங்கட மகன்ர அடக்கத்தண்டு உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிண்டு சவப்பெட்டிக்கு மேல வெள்ளைத் துணியைப் பிடிச்சது நான்தான். ஓம், அப்பிடி அழுததும் நான்தான். அதை விடுங்கோ, பிறகு சொல்லுறன். முதல் இந்தப் பையைப் பிடியுங்கோ.

திறந்து பாருங்கோ, பயப்பிடாதேங்கோ. கொடிதான். பிரியங்கர மகன்ர பெட்டியில வந்த கொடி.

சவக்காலையில உங்கட கையில தந்தது வேற அக்கா. அது கோயில் கமிட்டி ஒஸ்வல்ட் மாத்தயா ஜீப்பில இருந்து எடுத்துக்கொண்டு வந்தது. வடக்கில இருந்து உங்கட பிள்ளையோட பிளேனில வந்தது இதுதான். பேர்னாட் சுவாமி வாசலில கழட்டி, மடிச்சு, என்ர கையில தந்தவர். பூசை முடிஞ்சு பெட்டி வெளிய போகேக்க திரும்பப் போட்டுவிடுவம், கவனமா வைச்சிரு பிள்ளை எண்டார். நானும் பூசை உடுப்பு வைக்கிற அறையில, மேசையில வைச்சிட்டு நிண்டன். பூசை முடியவும் ஒஸ்வல்ட் மாத்தயா பாய்ஞ்சு விழுந்து இன்னொண்டைக் கொண்டு வந்து, கோயிலுக்குள்ளயே, பீடத்துக்கு முன்னாலயே, வெள்ளைத் துணிக்கு மேல போட்டிட்டார். பிறகு ஒரே சத்தம், ஒரே தள்ளுமுள்ளு. இது மேசையிலேயே கிடந்திட்டுது.

தோய்க்கேல்ல அக்கா. ஊர்த் துணியெல்லாம் தோய்க்கிறவள் இதைத் தோய்க்கேல்ல. கரையில கொஞ்சம் மண் பிரண்டிருக்குது, பாருங்கோ, அந்த மூலையில. செம்மண். அது கொழும்பு மண்ணில்லை, அது எங்கட பக்கத்து மண். உங்கட பிள்ளை கடைசியாக் கிடந்த இடத்து மண்ணாவும் இருக்கலாம் எண்டு, தட்டவே எனக்கு மனம் வரேல்ல. வீட்டில வைச்சிருக்கவும் பயம். நான் இருக்கிற அறையில சிங்கக் கொடியைக் கண்டால் வீட்டுக்கார இரத்தினம்மா என்ன நினைப்பா? செக்கிங்குக்கு வாற பொலிசு என்ன நினைக்கும்? சவக்காரப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வைச்சு, நித்திரையுமில்லை எனக்கு.

அதைக் கேளுங்கோவன், பாலத்தடியில பையைத் திற எண்டான் ஒரு ஆமிப் பொடியன். ஐசியை அப்பதான் வாங்கிப் பாத்தவன், பிறந்த இடம் குருநகர், யாழ்ப்பாணம். பையுக்குள்ள பாத்தால் கொடி. அவன் என்னைப் பாக்கிறான், கொடியைப் பாக்கிறான். உங்களை மாதிரி அவனுக்குத் தமிழ் விளங்காது, எனக்குச் சிங்களம் எல்லாம் மறந்து போச்சு. பள்ளிய, அம்மாட்ட, மறுண புத்தா... கோயில், தாய்க்கு, செத்த மகன் எண்டு வாயில வந்ததைச் சொன்னன். அவனுக்கு விளங்கிட்டுது போல. துவக்கைத் தோளில கொழுவிப்போட்டு, கொடியை வெளிய எடுத்தான். சரி, இண்டையோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். நான் மடிச்ச விதம் பிழையாம். சிங்கம் மடிப்புக்குள்ள போகக்கூடாதாம். றோட்டில நிண்டு வடிவா மடிச்சுத் தந்திட்டு, போங்கோ அம்மே எண்டான். இப்ப கிடக்கிறது அவன் மடிச்ச மடிப்புத்தான்.

எனக்கோ? ஒரு பொடியன்தான். சுவிசில. ஓம், நல்ல குளிராம். சிவப்பு ஜக்கற் ஒண்டு வாங்கினவனாம். போன் எடுப்பான், எடுப்பான்... நான் வந்த காரியத்தைச் சொல்லிப்போடுறன் அக்கா, பஸ்ஸும் போயிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆயர் இல்லத்தில இருந்து ரெண்டு சுவாமிமார் வருவினம். உங்களிட்டையும் கேப்பினம். அறிவிச்சவையோ? ஓம், அதுதான். ஒஸ்வல்ட் மாத்தயாவும் கமிட்டியும் எழுதிக் குடுத்திட்டினம், பேர்னாட் சுவாமி படைவீரன்ர பெட்டியில இருந்து தேசக்கொடியைப் பறிச்சு எறிஞ்சவராம், அவர் கொட்டி ஃபாதராம், அவரை மாத்த வேணுமாம். புலியாம்! மதில்லயும் கரியால எழுதிக் கிடக்குது. சுவாமி சிங்களமோ தமிழோ எண்டு இண்டைக்கும் எனக்கு வடிவாத் தெரியாது, ரெண்டு பாசையிலயும் ஒரே மாதிரித்தான் ஏசுவார்.

ஒஸ்வல்ட் மாத்தயாவையும் நான் குறை சொல்லேல்ல. அவரும் பயந்த மனுசன்தான். முந்தி ஒருக்கா ஆரோ கோயில் கண்ணாடிக்குக் கல்லெறிஞ்சு, உங்கட சமயம் பறங்கியின்ர சமயம், கப்பலேறுங்கோ எண்டு கத்தினவங்களாம். அண்டையில இருந்து அவருக்கு, நாங்கள் இந்த நாட்டாக்கள், மற்ற எல்லாரையும் விட நாட்டில பற்றானாக்கள் எண்டு காட்டிக்கொண்டே இருக்க வேணும். பீடத்துக்குப் பக்கத்தில கொடி நட வேணும், பூசை முடிய தேசிய கீதம் படிக்க வேணும், படை வெல்ல வேணும் எண்டு மன்றாட்டு வைக்க வேணும். கமிட்டிக் கூட்டத்தில சுவாமி சொன்னாராம், மாதாவிட்டைப் போய் மற்றத் தாயின்ர பிள்ளையைக் கொல்லு எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது எண்டு. அப்ப எங்கட பிள்ளையள் சாகட்டோ எண்டு கேட்டாராம் இவர். சுவாமி அடுத்த ஞாயிறில இருந்து ஒரு மன்றாட்டு வைச்சார். சண்டையில செத்த எல்லாப் பிள்ளையளுக்காகவும். அவ்வளவுதான், எந்தப் பக்கம் எண்டில்லை. தமிழ்ப் பூசையிலயும் அதுதான், சிங்களப் பூசையிலயும் அதுதான். தமிழ்ப் பூசை முடிஞ்சும் நான் வீட்டை போகமாட்டன், சிங்களப் பூசைக்கும் பின் வாங்கில இருப்பன், அந்த ஒரு வரியை இன்னொருக்காக் கேக்க.

எங்கட ஆக்களும் திறமெண்டு நினையாதேங்கோ. அங்க, எங்கட ஊர்க் கோயில் வாசலிலயும் இயக்கத்தின்ர சிவப்பும் மஞ்சளும் கட்டித்தான் இருந்தவை. ஒரு சுவாமியும் அவிழ்க்கேல்ல. இஞ்ச கொடியைக் கழட்டின செய்தி கேட்டு, தமிழ்ப் பூசைக்கு வாறதுகள் சில பேருக்கு ஒரே புழுகம். சுவாமி, நல்லா வேணும் அவைக்கு எண்டு போய்க் கையைப் பிடிச்சதுகள். அவருக்கு வந்ததே கோபம். ஒரு தாய் பிள்ளையை இழந்து நிக்கிறா, உங்களுக்கு வெற்றியோ, பெட்டியில புலிக்கொடி கிடந்திருந்தாலும் அதே வாசலிலதான் கழட்டியிருப்பன், வெளிய போங்கோ எண்டு கலைச்சிட்டார். அதோட அவையளும் இல்லை அவருக்கு. இப்ப ரெண்டு பக்கத்தாலயும் தனிச்சுப் போனார் மனுசன். ஞாயிறு கேக்கேக்க அவருக்காகக் கதைக்க ஒரு சீவனில்லை.

நீங்கள் இருக்கிறியள். அதுக்குத்தான் வந்தனான்.

அவர் பறிக்கேல்ல அக்கா. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெட்டியை வாசலில இறக்கி வைச்சாப்பிறகு உங்களுக்குக் கிட்ட வந்து, குனிஞ்சு, காதுக்குள்ள கேட்டவர். இந்தக் கோயிலுக்குள்ள எல்லாரும் வெள்ளைத் துணியோடதான் வாறது, முதலாளி எண்டாலும், பிச்சைக்காரன் எண்டாலும். ஞானஸ்நானத்துக்கு இதே வாசலால இவனை வெள்ளை உடுப்போடதானே தூக்கி வந்தனீங்கள், அப்பிடியே கொண்டு வருவமோ அம்மா எண்டு. எனக்கு அந்தளவு சிங்களம் விளங்கும். நீங்கள் தலையாட்டினனீங்கள். தலையாட்டினது மட்டுமில்லை, துணியின்ர ஒரு மூலையை நீங்கள்தான் முதல் பிடிச்சனீங்கள். சுருங்கிக் கிடந்த இடத்தைத் தடவி விட்டனீங்கள், நித்திரையில கிடக்கிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்து விடுற மாதிரி. ஒஸ்வல்ட் மாத்தயா படிக்குக் கீழ பான்ட் வாத்தியக்காரரோட நிண்டவர், அவர் என்னத்தைக் கண்டார்?

ஞாபகமில்லையோ.

இல்லை அக்கா, நான் கோவிக்கேல்ல. அண்டைக்கு உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது. ஓம், உங்கட தம்பியார் அப்பிடித்தான் சொல்லுவார். ஆமிக் காசு வர இருக்கு, கமிட்டியோட பகைக்காத எண்டு. அவர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. பகைச்சுப்போட்டு நாளைக்கு ஆரிட்டைப் போறது. நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்ல. கேட்டால், தலையாட்டினனான் எண்டு ஒரு சொல்லு. அந்த ஒரு சொல்லு இல்லாட்டி அவரை மாத்திப்போடுவினம், வாற சுவாமி ஆரோ, அந்த மன்றாட்டை நிப்பாட்டிப்போடுவினம். நிப்பாட்டினால் நான்...

என்ன கேட்டனீங்கள்?

ஓம். பிறகு சொல்லுறன் எண்டனான்தான். ஏன் அழுதனான் எண்டுதானே. உங்கட தங்கச்சியும் அண்டைக்குக் கேட்டவ, அதார் அந்தத் தமிழ்ப் பொம்பிளை, எங்களை விடக் கூட அழுறா எண்டு. கேட்டது காதில விழுந்தது. கூலிக்கு அழ வந்தவளோ எண்டும் ஆரோ சொன்னவை.

கொஞ்சம் தண்ணி தாங்கோ அக்கா.

சுவிஸ் எண்டு சொன்னது பொய். உங்களுக்கு எண்டில்லை, எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறது. இரத்தினம்மாவுக்கு, வீட்டில ஆர் ஆர் எண்டு பதியிற பொலிசு ரிப்போட்டுக்கு, எல்லாத்துக்கும். ஞாயிறில கொமியூனிகேசன் கடைக்குப் போய்ப் போன் கூண்டுக்குள்ள நிண்டு, வெறும் ரிசீவரைக் காதில வைச்சு, சாப்பிட்டியோ, ஜக்கற் போட்டியோ எண்டு கதைச்சிட்டு வாறனான், கண்ட சனம் காணட்டும் எண்டு. கடைக்காரனுக்கு விசர்ப் பொம்பிளை எண்டு தெரியும், பாவம், காசு வாங்கமாட்டான்.

அவன் சுவிசுக்குப் போகேல்ல. அங்கதான் நிண்டவன். இயக்கத்துக்கு நான் அனுப்பேல்ல அக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போனவன் வரேல்ல. மாரிக்கு முந்தி வவுனியாவால வந்த ஒரு பொம்பிளை எங்கட கதவில நிண்டு, உங்கட மகன் இல்லையம்மா எண்டு மெல்லமாச் சொல்லிப்போட்டு, தண்ணியும் குடியாமல் போட்டா. எங்க, எப்ப, ஒண்டும் தெரியாது. எங்கட அறைக்கு நடுவில பலகைதான் மறைப்பு. அங்கால இரத்தினம்மா இருமினால் இஞ்ச கேக்கும். நான் எங்க அழுறது? பைப்பைத் திறந்து விட்டு, கோயில் துணியைத் தோய்ச்சுக்கொண்டு, சத்தம் வராமல்... அழுகை அப்பிடி வராது அக்கா. சுவாமிக்குச் சொன்னனான், அவருக்கு மட்டும். பிறகுதான் அவர் அந்த மன்றாட்டைத் தொடங்கினவர். எனக்காகத்தான் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா பிறகுதான்.

உங்கட பிள்ளையின்ர பெட்டி வரேக்க எனக்கு ஒண்டும் இல்லை. கொடியோட, பான்டோட, துவக்குக்காரரோட வந்தது. நான் துணியைக் கையில வைச்சுக்கொண்டு சும்மா நிண்டன், பயந்துகொண்டு. இந்தப் பிள்ளை அங்க எங்களை என்ன செய்தானோ எண்டும் நினைச்சனான், பொய் சொல்லேல்ல. பிறகு நீங்கள் அந்தப் பக்கத்து மூலையைப் பிடிச்சியள், நான் இந்தப் பக்கத்து மூலையை. துணி விழுந்தாப்பிறகு பாத்தால், உள்ள ஆர் கிடக்கிறது எண்டு தெரியேல்ல அக்கா. ஒரு பிள்ளை. கோயிலுக்குள்ள, பூவோட, தாய் பக்கத்தில நிக்க, ஒரு பிள்ளை. அவ்வளவு நாளும் வராதது எல்லாம் வந்திட்டுது. சத்தம் போட்டு அழுதன். செத்தவீட்டில அழுதால் ஆரும் ஏன் எண்டு கேக்கமாட்டினம் தானே. அண்டைக்கு நான் உங்கட பிள்ளைக்கு அழேல்ல அக்கா. உங்களுக்குக் கோவம் எண்டால் ஏசுங்கோ.

இப்ப நீங்கள் பொலிசுக்குச் சொன்னாலும் சொல்லலாம். அந்தா மேசையில போன் கிடக்குது. தம்பியாரைக் கூப்பிட்டாலும் சரி. சொல்லிப்போட்டன், இனி என்ன.

என்ன அக்கா, ஏன் எழும்புறியள்? ஐயோ, கொடியை ஏன் என்ர மடியில... ஓம், இந்த மூலைதான். இதுதான் அந்த மண். வேண்டாம், அழாதேங்கோ, நீங்கள் அழுதால் நானும்... இருங்கோ, இதில இருங்கோ.

என்ன? மாசப் பூசைக்கோ? உங்கட பிரியங்கரவின்ர மாசப் பூசையில சேத்தோ? ரெண்டு பேருக்கும் எண்டோ? அது ஏலாது அக்கா, எந்தச் சுவாமி இதுக்குச் சம்மதிப்பார், தம்பியார் என்ன சொல்லுவார்... ஓம். ஓம், பேர்னாட் சுவாமி எண்டால் செய்வார். அப்ப அதுக்கு அவர் இஞ்ச இருக்க வேணுமே.

பேரோ?

பொறுங்கோ, வெளியில ஆக்கள் இல்லைத்தானே. கஸ்பார். மூவிராசாக்கள் திருநாளண்டு பிறந்தவன், அதால அதில ஒரு ராசாவின்ர பேர். அங்க அவையள் வேற பேர் வைச்சிருந்தவையாம். அந்தப் பேரிலதான் தாட்டது எண்டு மட்டும் அந்த வவுனியாப் பொம்பிளை சொன்னவ. அது என்ன பேரெண்டு எனக்குத் தெரியாது அக்கா.