துடுப்புச் சக்கரம் நிற்கக் கூடாது

— கையை எடுங்க கோய் அண்ணே! பெட்டியைத் தொடாதீங்க!

— என்னம்மா தியெப், நீதானே இப்ப மெயினை அணைச்ச?

— அணைச்சா ஆச்சா? அந்தச் சிவப்பு விளக்கு இன்னும் எரியுது பாருங்க. மோட்டார் வேகத்தை மாத்துற இந்த டிரைவ் பெட்டி, கரண்டைக் கொஞ்ச நேரம் வயித்துக்குள்ளயே வச்சிருக்கும். விளக்கு அணையணும், மீட்டர் வச்சுப் பாக்கணும். அப்புறந்தான் மூடியைக் கழட்டணும்.

— அட விடும்மா, மழைக்கு முன்னாடி பெட்டியை ஒரு தடவை பாத்துடத்தானே கூப்பிட்டேன், சட்டுனு முடி. வானம் மூடிக்கிட்டு வருது. தண்ணியைக் கலக்கிக் காத்து ஏத்துற துடுப்புச் சக்கரம் நின்னா இறால் பூரா மூச்சு முட்டி மேல வந்துடும். போன தடவை இந்தப் பிரேக்கர் டிரிப் ஆகி, காலையில வந்து பாத்தா குளமே செத்து மிதந்துச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா குளத்தை வித்துட்டு சைகோன்ல செருப்புக் கம்பெனிக்குத்தான் போகணும்.

— உங்களுக்கு முதல்ல உங்க குளம். சரி, விளக்கு அணைஞ்சிருச்சு. தள்ளுங்க, மீட்டர் வைக்கிறேன். ம், ஒண்ணுமில்ல. மூடியை எடுக்கலாம்... அண்ணே, இது என்ன?

— எது?

— பச்சை வயரு. நான் மாட்டிக் குடுத்த எர்த்து. மோட்டார் உடம்புலேருந்து பெட்டிக்கு, பெட்டியிலேருந்து மண்ணுல அடிச்ச செம்புக் கம்பிக்கு. யாரு வெட்டினது?

— எலி கடிச்சிருக்கும்.

— கடிச்சுட்டு நுனியில டேப்பும் சுத்தி விட்டுதா? ரொம்பப் பொறுப்பான எலி.

— சரி, நான்தான். கோவப்படாத. பிரேக்கர் சும்மா சும்மா விழுந்துச்சு. பச்சையை வெட்டினேன், அதுக்கப்புறம் ஒரு தடவைகூட விழலை. நல்ல வைத்தியம் இல்ல?

— நல்லா கேளுங்க. இந்த மாதிரிப் பெட்டி ஓடும்போது எப்பவும் கொஞ்சம் கசியும். கசியறது பச்சை வழியா மண்ணுக்குப் போயிடும். உங்க பழைய பிரேக்கருக்கு இந்தப் பெட்டி ஒத்துவராது. விழக்கூடாத நேரத்துல விழும், விழவேண்டிய நேரத்துல சும்மா இருக்கும். அதை மாத்தணும். பாக் லியூ டவுன் கடையிலயே இதுக்குன்னு தனியா கிடைக்குது. அதை விட்டுட்டுக் கசியற வழியை வெட்டிட்டீங்க. இப்ப அது எங்க போகும்?

— எங்க போகும்?

— எங்கயும் போகாது. மோட்டார் இரும்புலயும் சக்கரத்துலயும் காத்துக்கிட்டு நிக்கும். தண்ணியில நின்னுக்கிட்டு அந்த இரும்பைத் தொடுற ஆளுதான் அப்ப பச்சை வயரு.

— அதை யாரு தொடப்போறா?

— வேற யாரு, உங்க வீட்டு ஹன் அண்ணிதான்! தினமும் இறங்கிச் சக்கரத்துப் பாசியை அவங்கதானே வழிக்கிறாங்க?

— என் தலை ஏன் இங்க உருளுது? தியெப், ஐஸ் காபி போட்டுக் கொண்டாந்தேன். பிடி, சிந்தப் போகுது.

— ஹன் அண்ணி, கை ஏன் இப்படி நடுங்குது?

— கெட்ட காத்துப் பட்டிருக்காம். உங்க அண்ணன்தான் தினமும் தைலம் தடவி, காத்து இறங்கணும்னு வெள்ளிக்காசால முதுகைச் சுரண்டி விடறாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து இல்லாத பாசம். முதுகைப் பாரேன், புலி மாதிரி வரி வரியா.

— எப்ப வருது இந்தக் காத்து?

— பாசி வழிக்கும்போதுதான். விரல்ல சுரீர்னு ஏறும், தோள் வரைக்கும் மரத்துப்போகும். நேத்து நெஞ்சுலயே யாரோ குத்தின மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் பேச்சே வரல.

— அது காத்து இல்ல அண்ணி. கரண்டு.

— அட விடும்மா தியெப், அவளைப் பயமுறுத்தாத! காத்துதான். எங்க அம்மாவுக்கும் இதே மாதிரி மரத்துப்போகும்.

— உங்க அம்மா குளத்துல மோட்டார் ஓடுச்சா அண்ணே? அண்ணி, நல்லா கேளுங்க. உள்ள சுருள்ல ஒரு இடம் எரிஞ்சா போதும், முழு கரண்டும் அந்த இரும்புக்கு வந்துடும். அப்புறம் அண்ணன் சுரண்டி விட நீங்க இருக்க மாட்டீங்க.

— ஏங்க, வரும்போதே காதுல விழுந்துச்சு, அந்தப் பச்சை வயரை எப்ப வெட்டினீங்க?

— தெத் புத்தாண்டுப் பண்டிகை முடிஞ்சதும். ஏன் ஹன்?

— அதுக்கப்புறம் நீங்க குளத்துல காலே வைக்கலையே.

— முட்டி வலி. உனக்குத் தெரியாதா?

— தெரியும் தெரியும். தியெப், அந்த வயரை மாட்டாத. மூடியைப் போட்டு அப்படியே ஆன் பண்ணு.

— அண்ணி, என்ன பேசறீங்க? நான் ஆன் பண்ண மாட்டேன்.

— நீ பண்ணலைன்னா நான் பண்றேன், எந்த சுவிட்சுன்னு எனக்கும் தெரியும். ஏங்க, வெறும் காத்துதானே? இறங்கி ஒரே ஒரு கை பாசி வழிச்சுட்டு வாங்க. தைலத்தோட நான் கரையில நிக்கிறேன்.

— விளையாடாத ஹன். சுவிட்சை விட்டுத் தள்ளி வா.

— இறால் மூச்சு முட்டுதுன்னு நீங்கதானே பறந்தீங்க? இறங்குங்க. நான் தினமும் இறங்கற குளம்தானே.

— வேணாம்டி! போன மாசம் நம்ம நாய் அந்த இரும்புல காலை வச்சதும் விறைச்சுச் செத்துச்சு, நான்தானே எடுத்துப் புதைச்சேன்!