பத்தாயிரம் அடிக்குக் கீழே

என் மச்சான் கதை சொன்னால் நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். என் மனைவியின் அண்ணன். விமானத்தில் அவர் கேப்டன், நான் துணை விமானி. சின்னக் கம்பெனி என்பதால் அடிக்கடி எங்களைச் சேர்த்தே அனுப்புவார்கள். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை யாரிடமாவது சொல்லிக் காட்டாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

பத்தாயிரம் அடிக்குக் கீழே இறங்கினால் வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது எங்கள் விதி. மச்சானுக்கு அதெல்லாம் ஊருக்கு உபதேசம். அன்றும் இறங்கும்போதுதான், நான் கேப்டன் தேர்வில் தோற்ற கதையை ஆரம்பித்தார். காபிக் கோப்பையை எடுக்க வந்த பணிப்பெண் சிரித்தாள். முன்பொரு முறை அவருடைய தவறு ஒன்றை எல்லோர் முன்னாலும் நான் சொல்லிவிட்டேன். “கேட்டா மட்டும் சொல்லு மாப்பிள்ளை. நீ எனக்கு வாத்தியார் இல்ல” என்றார். அப்போது என் வாய்க்குப் போட்ட பூட்டு அது.

உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும். இறங்கும் ஊரின் அழுத்தத்தைத் தரையிலிருந்து சொல்வார்கள். இருவரும் அவரவர் உயரமானியில் அதைத் திருகி வைத்து, வாசித்து ஒப்பிட வேண்டும். அன்று மழை, அழுத்தம் மிகவும் குறைவு. எண் வந்தபோது மச்சான் கதையின் நடுவில் இருந்தார். நான் என்னுடையதைத் திருகி வைத்தேன். அவருடையது பழைய எண்ணிலேயே நின்று, அறுநூறு அடி கூட்டிக் காட்டியது. விமானத்தை ஓட்டியவர் அவர். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. கடைசி நேரத்தில் சொல்லிக் காப்பாற்றலாம் என்றிருந்தேன். விமானி அறையின் பேச்சுப் பதிவில் அது இருக்கும், அதிகாரிகள் முன்னால் மச்சான் தலைகுனிந்து நிற்பார். அவ்வளவுதான் என் ஆசை.

என் உயரமானியில் ஆயிரம் அடி வந்ததும் வாயைத் திறந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ளை, பேயறைஞ்ச மாதிரி இருக்க? பயமா இருந்தா கண்ண மூடிக்கோ. தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டேன்.”

இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். தரை நெருங்கிவிட்டது என்று எச்சரிக்கைக் குரல் ஒலித்தபோது அவர் தன் உயரமானியைப் பார்த்தார், பிறகு என்னுடையதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விமானத்தைத் தூக்கச் சொல்லத் தோன்றவில்லை. அதற்குள் மரங்கள் வந்துவிட்டன.

பயணிகளில் மூன்று பேர் பிழைத்தார்கள். மருத்துவமனையில் என் மனைவி, நீங்களாவது மிஞ்சினீர்களே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டாள்.

“உன்னப் பத்திதான் பேசிட்டிருந்தாரு” என்றேன். அதில் பொய் இல்லை.

யாரும் சந்தேகப்படாதபோது இதை ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். ‘இரு விமானிகளின் கவனமும் சிதறியிருந்தது’ என்று உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதியது சரிதான். என் கவனம் ஒரு நொடிகூடச் சிதறவில்லை. என் உயரமானி மண்ணைத் தொடும்வரை சரியாகத்தான் காட்டியது. அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். தொழிலில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.