கடல் மண் பூசிய சுவர்

நிலாவெளி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவளின் மடியில் பெயின்ற் வாளி.

“வெளிச்சுவரை நக்கிப் பார்த்தனான். உப்புக் கரிக்குது.”

“ஐயோ அக்கா! கடல் மண்ணிலயோ பூசினியள்?”

“ஓம். என்ர மனுசன் மண்ணைக் கழுவாமல் குழைச்சவர். பெயின்ற் அடிக்க அடிக்க ஈரம் ஊறுது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சீதன வீட்டைப் பார்க்க வருகினம்.”

“செங்கல் தெரியக் கொத்தித் திரும்பப் பூசுங்கோ.”

“வெள்ளிக்கு முன்னம் ஏலாதடி. இதால மகளின்ர கலியாணம் குழம்பினால்?”

“அப்ப திரும்பவும் பெயின்ற் அடியுங்கோ. அவையளும் நக்கியோ பார்க்கப் போகினம்?”

“மாப்பிள்ளையின்ர தகப்பன் மேசன். சுவர் கட்டிப் பூசுறதுதான் அவற்ற தொழில்.”

“அப்ப மறைக்காதையுங்கோ அக்கா. நீங்களே முதல்ல காட்டுங்கோ.”

 மூத்தவள் சல்லிச் சந்தியில் வாளியோடு இறங்கினாள்.