நட்சத்திர மீனுக்கு அஞ்சு மார்க்

கல்பகம்: ...அப்ப ஆக்டோபஸ் நமக்குச் சித்தப்பா முறை. அப்படித்தானே சார்?

பாலச்சந்திரன்: நான் சொல்லல மேடம். ஆன்சர் கீ சொல்லுது.

கல்பகம்: கீ என்ன, வானத்துலேர்ந்து குதிச்சுதா?

பாலச்சந்திரன்: ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்துது. நம்ம காலேஜ்ல ரெண்டும் ஒண்ணுதான்.

கல்பகம்: இன்னொரு தடவை வாசிக்கிறேன், காதுல வாங்குங்க. 'கீழே உள்ளவற்றில் மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு எது? ஒண்ணு, ஆக்டோபஸ். ரெண்டு, தேனீ. மூணு, ஸ்டார் ஃபிஷ். நாலு, மண்புழு.' கீயில விடை ஒண்ணுன்னு போட்டிருக்கு. சரியான விடை மூணு.

பாலச்சந்திரன்: மெதுவா... ஸ்டாஃப் ரூம் கதவு தொறந்திருக்கு.

கல்பகம்: தொறந்தே கிடக்கட்டும். இந்த அப்ஜெக்‌ஷன் ஃபார்ம்ல ரெண்டு ஜுவாலஜி லெக்சரர் கையெழுத்து வேணும். என்னுது போட்டாச்சு. இன்னொண்ணு நீங்க. நாலு மணிக்கு செக்‌ஷன் லிஸ்ட் போயிடும். இப்ப மணி மூணு நாற்பது.

பாலச்சந்திரன்: மூணு முப்பத்தெட்டு.

கல்பகம்: பாருங்க, இதுல மட்டும் என்ன துல்லியம்!

பாலச்சந்திரன்: டீ ஆறுது மேடம்.

கல்பகம்: ஆறட்டும். மல்லாபூர் கேர்ள்ஸ் கேம்பஸ்ல ஏ-ஒன் செக்‌ஷன். நாற்பது பேருக்குத்தான் எடம். அங்கே ஸ்டார் ஃபிஷ்னு போட்ட பொண்ணு ஒரே ஒருத்தி. ரோல் நம்பர் 2317. இப்ப நாற்பத்தி மூணாவதா நிக்கிறா.

பாலச்சந்திரன்: ...ம்.

கல்பகம்: என்ன ம்? விடைக்கு நாலு மார்க், தப்புன்னு பிடுங்கினது ஒண்ணு. அஞ்சு மார்க் திரும்பக் குடுத்தா முப்பதுக்குள்ள வந்துடுவா. குடுக்கலேன்னா நாளைக்குக் காலையில பையைத் தூக்கிட்டு, ஏ-ஒன் கிடைக்காதவங்களைத் தள்ளுற சி-ஃபோருக்குப் போகணும்.

பாலச்சந்திரன்: சி-ஃபோர்ல என்ன, புலியா இருக்கு?

கல்பகம்: ஜெனரேட்டர் இருக்கு. ஜன்னலுக்கு வெளியே. நான் கத்துறது எனக்கே கேக்காது. அங்கே போன பொண்ணு மறுபடி மேல வந்து நான் பார்த்ததில்ல. டாக்டராகணும்கிற ஆசையை வாசல்லயே செருப்போட கழட்டி வச்சுட்டுத்தான் உள்ளே நுழையுதுங்க.

பாலச்சந்திரன்: ஒரு கேள்விதானே மேடம். அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு எக்ஸாம். விடுங்க.

கல்பகம்: அடடா, உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?

பாலச்சந்திரன்: ...யார் வீட்டுப் பொண்ணா இருந்தாலும் ரூல் ரூல்தான். சரி, ஒரு வாதத்துக்குப் பேசுவோம். ஆக்டோபஸுக்குத் தலை இருக்கு. மூளை இருக்கு. கண்ணு இருக்கு, நம்ம கண்ணு மாதிரியே லென்ஸோட.

கல்பகம்: நம்ம கண்ணைவிட ஒசத்தி. அதுக்குக் குருட்டுப் புள்ளிகூடக் கிடையாது. இந்தக் கீயைப் போட்டவருக்குத்தான் அது ரொம்பப் பெருசா இருந்திருக்கு.

பாலச்சந்திரன்: ஸ்டார் ஃபிஷ்ஷைப் பாருங்க. தலை இல்ல. மூளை இல்ல. ரத்தம்னு ஒண்ணு உருப்படியா இல்ல, கடல் தண்ணியைக் குழாய்ல ஓட்டி அதை வச்சே நகருது. சாப்பிடணும்னா வயித்தை வாய் வழியா வெளியே தள்ளிச் சாப்பிடுது. இதைப் போய் சொந்தம்னு சொன்னா யார் ஒத்துப்பாங்க?

கல்பகம்: தலையும் மூளையும் இல்லாதவங்களை எல்லாம் சொந்தம் இல்லேன்னு தள்ளிவச்சா, நம்ம மேனேஜ்மென்ட்டோட நமக்கு என்ன ஒட்டு உறவு இருக்கப்போவுது?

பாலச்சந்திரன்: ஷ்... மேடம்!

கல்பகம்: மூஞ்சியைப் பார்த்தா உறவு சொல்றது? கருவைப் பார்த்துச் சொல்லணும். கரு வெறும் உருண்டையா இருக்கும்போது முதல்ல ஒரு ஓட்டை விழுது இல்ல? ஆக்டோபஸ், தேனீ, மண்புழு வம்சத்துல எல்லாம் அது வாய்ப் பக்கம். நமக்கும் ஸ்டார் ஃபிஷ்ஷுக்கும் மட்டும் அது...

பாலச்சந்திரன்: பின்பக்கம். வாய் அப்புறம்தான்.

கல்பகம்: தெரியுதே!

பாலச்சந்திரன்: இருபத்தேழு வருஷமா நடத்துறேன், தெரியாம என்ன? நாமெல்லாம் முதல்ல பின்பக்கமாத்தான் தொடங்கினோம். சிலர் அதோட நின்னுட்டாங்க, அவங்கதான் ஃப்ளோர் இன்சார்ஜ் ஆகுறாங்க.

கல்பகம்: ஹப்பா, சார் வாயைத் தொறந்துட்டார். இன்னும் சொல்லுங்க. அஞ்சு கை எல்லாம்?

பாலச்சந்திரன்: அது பின்னாடி வந்த கூத்து. குஞ்சா நீந்துறப்போ இடது வலதுன்னு நம்மள மாதிரிதான் இருக்கும். வளரும்போதுதான் புத்தி மாறி அஞ்சா விரியுது. சுண்ணாம்புத் தகடுகூடத் தோலுக்கு உள்ளேதான், நண்டு மாதிரி வெளியே ஓடு இல்ல. நமக்கு அப்புறம் முதுகுல நோட்டோகார்டுன்னு ஒரு தண்டு வந்துது, அதைச் சுத்தி முதுகெலும்பு வந்துது. அவங்க அடியோட கடல்லயே தங்கிட்டாங்க. ஐம்பது கோடி வருஷத்துக்கு முந்தி பாகம் பிரிஞ்ச பங்காளிங்க, அவ்வளவுதான்.

கல்பகம்: இதையே இந்த ஃபார்ம்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

பாலச்சந்திரன்: நக்கோ மேடம், வேண்டாம். நக்கோன்னா நக்கோ.

கல்பகம்: கைக்கு நக்கோ, ஏன் வேண்டாம்? நீங்க வளர்ந்த மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் வீரம் எல்லாம் எங்க போச்சு?

பாலச்சந்திரன்: ஃபார்ம் உள்ளே போனா, 'இந்தக் கேள்வியை யார் தயாரிச்சது'ன்னு கேப்பாங்க. தயாரிச்சவருக்கு மெமோ.

கல்பகம்: ஹெட் ஆபீஸ்காரன் தயாரிச்சான்னா அவன் வாங்கிக்கட்டும். உங்களுக்கு ஏன் வேர்க்குது?

பாலச்சந்திரன்: எனக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ இருக்கு. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டவனையும் நோண்டுவாங்க. மூணாவது வந்தா நேரா வீட்டுக்குத்தான்.

கல்பகம்: ரெண்டா? எதுக்கு?

பாலச்சந்திரன்: ஒண்ணு, ரயில் லேட்டு. இன்னொண்ணு, உக்காந்து பாடம் எடுத்தேன்.

கல்பகம்: கொலைக் குத்தம்.

பாலச்சந்திரன்: டிஸ்க் பிதுங்கி இருக்கு மேடம். எந்தப் பாடம் நடத்திட்டிருந்தப்போன்னு கேளுங்க. முதுகெலும்பு! மனுஷன் ரெண்டு கால்ல நிமிர்ந்ததுக்கு முதுகு குடுக்கிற விலை இதுன்னு சொல்லிட்டே நாற்காலியில உக்காந்தேன். கேமராவுல பார்த்துட்டாங்க.

கல்பகம்: டிஸ்க்குக்குள்ள இருக்கிற அந்த ஜவ்வு பழைய நோட்டோகார்டோட மிச்சம்தானே. அதுவே உங்களைக் காட்டிக் குடுத்துருச்சு.

பாலச்சந்திரன்: சிரிங்க, சிரிங்க. உங்க வீட்டுக்காரருக்குக் காஞ்சன்பாக்ல சென்ட்ரல் கவர்ன்மென்ட் உத்தியோகம். என் கதை அப்படியா? எனக்கு மட்டும் வேலை போனா பரவாயில்ல, கூடவே...

கல்பகம்: கூடவே?

பாலச்சந்திரன்: ஒண்ணும் இல்ல.

கல்பகம்: சொல்ல வந்ததைச் சொல்லுங்க.

பாலச்சந்திரன்: ஒண்ணும் இல்லங்கிறேன்ல! ஏற்கெனவே அது காலையில ஒரு வாய்கூடச் சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டுப் போச்சு. அந்த நெனப்புலயே இருக்கேன், நீங்க வேற...

கல்பகம்: எது சாப்பிடல?

பாலச்சந்திரன்: ...பூனை. எங்க வீட்டுப் பூனை.

கல்பகம்: ஓஹோ. பூனையா? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குமா?

பாலச்சந்திரன்: ரொம்ப ரோஷக்காரப் பூனை.

கல்பகம்: இருக்காதா பின்னே! அதுவும் முதுகெலும்பிதானே.

ராகவேந்திரா: பாலச்சந்திரன் சார்! ஜுவாலஜில அப்ஜெக்‌ஷன் லேதுன்னு போட்டுறட்டா? பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டும் லேது, ஒண்ணும் இல்ல.

கல்பகம்: வாங்க இன்சார்ஜ் சார். இப்பதான் உங்களைப் பத்தி ரொம்ப ஒசத்தியாப் பேசிட்டிருந்தோம். முதல்ல தோன்றின உறுப்புங்கிற பாடத்துல.

ராகவேந்திரா: அப்படியா? தேங்க்ஸ் மேடம். அப்ப லேதுன்னு எழுதிடுறேன்.

கல்பகம்: இருங்க, இருங்க. பத்து நிமிஷம் இருக்கு.

ராகவேந்திரா: என்னா மேடம், ஒரு மீனுக்குப் போயி இவ்வளவு கலாட்டாவா?

கல்பகம்: அது மீனே இல்ல சார்.

ராகவேந்திரா: மீன் இல்லேன்னா இன்னும் நல்லது. பத்து நிமிஷம்தான், ஆமா. அப்புறம் ஹெட் ஆபீஸ் ஏஜிஎம் போன் பண்ணா நான் பொறுப்பில்ல. எங்கப்பா ரயில்வேல சிக்னல் பார்த்தவரு. டைம்னா டைம்.

கல்பகம்: போயிட்டார். பார்த்தீங்களா, 'லேது'ன்னு எழுதுறதுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு.

பாலச்சந்திரன்: அந்தப் பொண்ணு... 2317... நேர்ல பார்த்தீங்களா?

கல்பகம்: காலையில அங்கே கிளாஸ் எடுக்கப் போனப்போ பார்த்தேன். அழல. 'ஸ்டார் ஃபிஷ்தான் மேடம், நான் அடிச்சு மாத்த மாட்டேன்'னு சொன்னா. அதுக்கப்புறம் சி-ஃபோருக்கு எந்தப் படிக்கட்டு வழியாப் போகணும்னு கேட்டா.

பாலச்சந்திரன்: அப்படியா கேட்டா?

கல்பகம்: அப்படித்தான் கேட்டா.

பாலச்சந்திரன்: குடுங்க அந்த ஃபார்மை.

கல்பகம்: என்ன திடீர்னு?

பாலச்சந்திரன்: குடுங்க மேடம். ஹெட் ஆபீஸும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்தக் கேள்வியைப் போட்ட மகானுபாவன் நான்தான்.

கல்பகம்: ஐயையோ. அப்படியா.

பாலச்சந்திரன்: முதல்ல 'மனிதனைப் போன்ற லென்ஸ் கண் உடையது எது'ன்னுதான் எழுதினேன். விடை ஆக்டோபஸ். ரொம்ப சுலபமா இருக்கேன்னு ரயில்ல வரும்போது கேள்வியை மட்டும் மாத்தினேன். கீயை மாத்த மறந்துட்டேன். மெட்டுகுடாவுல எறங்குற அவசரம். அவ்வளவுதான் நடந்தது. ஐம்பது கோடி வருஷச் சரித்திரம், என் ஒருத்தன் மறதியில கவுந்து போச்சு.

கல்பகம்: ம்...

பாலச்சந்திரன்: கீ வந்த அன்னிக்கே பார்த்தேன். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு வாயை மூடிட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு மேடம். மெமோ வந்தா வரட்டும். இதுல 'கேள்வி தயாரித்தவர்'னு ஒரு கட்டம் இருக்குமே, அங்கே என் பேரை எழுதிடுறேன். பேனா குடுங்க.

கல்பகம்: இந்தாங்க. கீழே மட்டும் கையெழுத்துப் போட்டா போதும்.

பாலச்சந்திரன்: இல்ல, இந்தக் கட்டத்துலதான்... மேடம்.

கல்பகம்: சொல்லுங்க.

பாலச்சந்திரன்: இங்க உங்க பேரு இருக்கே.

கல்பகம்: ஆமா. மதியமே எழுதிட்டேன்.

பாலச்சந்திரன்: கேள்வி உங்களோடது இல்லையே!

கல்பகம்: நாம ரெண்டு பேரும் கேள்விகளைச் சேர்த்துத்தானே அனுப்பினோம். எது யாரோடதுன்னு ஹெட் ஆபீஸுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். நாலு விடையில ஒண்ணு மண்புழுவா இருந்தா, அது பாலச்சந்திரன் சார் கேள்வி. பதினோரு வருஷமாப் பார்க்கிறேன்.

பாலச்சந்திரன்: அப்ப வந்ததுலேர்ந்தே தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை இப்படிப் பிழிஞ்சு எடுத்தீங்களா?

கல்பகம்: பிழியாம சார் எங்க வாயைத் தொறந்தீங்க?

பாலச்சந்திரன்: வேண்டாம் கல்பகம். அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. நான் செஞ்ச தப்புக்கு, யாரோ ஒரு பொண்ணுக்காக, உங்களுக்கு எதுக்கு மெமோ?

கல்பகம்: யாரோ ஒரு பொண்ணா? 'உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது'ன்னு காலையில கேட்டேன் சார். 'அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போதே எங்கப்பா சொல்லிக் குடுத்தார் மேடம்'னா. அப்பா யாருன்னு கேட்டதுக்கு, இந்த காலேஜ்ல வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கீங்களாமே! நான் ஏன் அதுக்கப்புறம் கேக்கப்போறேன், மூக்கு அப்படியே உங்க மூக்கு. கொஸ்டின் பேப்பர் போடுறவர் பொண்ணுன்னு தெரிஞ்சா, கேள்வி வீட்டுலயே அவுட்டுன்னு ஊர் பேசும்னு பயந்தீங்க, புரியுது. நீங்க அவுட் பண்ணியிருந்தா அவ ஆக்டோபஸ்னு போட்டு அஞ்சு மார்க்கை அள்ளியிருப்பாளே சார்? எனக்கு இது முதல் மெமோ, தாங்கும். கையெழுத்தைப் போடுங்க. போட்டுட்டு மல்லாபூருக்கு ஒரு போன் அடிச்சு, ஹம்ஸினியைச் சாப்பிடச் சொல்லுங்க.