கணக்கு டீச்சரோட மூக்குக்கண்ணாடி

...அதத்தான் சொல்றேன் தங்கச்சி, கண்ணால பார்த்தத இல்லேன்னு சாதிச்சா மனுசனுக்குக் கோவம் வருமா வராதா? பஸ்ஸுல எடமே இல்ல, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, கொடை இடிக்குது... ஆங். நீங்க ஆஸ்பத்திரியில நர்ஸ் தானே? இல்லியா? அப்புடித்தான் இருக்கு பார்த்தா. சரி விடுங்க. கல்யாணத் தரகர் வீரையான்னு கட்டுகஸ்தோட்டையில யாரையும் கேட்டுப் பாருங்க. ஒரு தடவ பார்த்த மொகத்த இந்த சென்மத்துல மறக்க மாட்டேன்!

என் தலையெழுத்தக் கேளுங்க. ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு பொண்ணு, கணக்கு டீச்சர். நல்ல குடும்பம். நான்தான் மொதல்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன். அந்தப் பிள்ள டீ கொண்டாந்து குடுத்துச்சு. தங்கப் பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி. டீ ஆவி பட்டு மங்கிப் போயி, முந்தானையில தொடச்சிக்கிட்டே சிரிச்சுச்சு. இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது! கணக்கு டீச்சர்னா கண்ணாடி இல்லாமலா? ...என்ன? இருங்க, நடுவுல பேசாதீங்க, எனக்கு விட்டுப் போயிரும்.

மாப்பிள்ளை, பாலத்தடியில சாமான் கடை வச்சிருக்கிற தனபாலன். தங்கமான பையன். அவங்கம்மா பரிமளம்மா இருக்காங்களே... ஐயையோ, அது வேற ரகம்! நான் போய்ச் சொன்னேன், "பொண்ணு லட்சணம், படிச்சது, கண்ணாடி மட்டும் போட்டிருக்கும்"னு. தரகன்னா பொய்தான் பேசுவான்னு ஊர்ல பேரு. நான் ஒரு கொறையையும் மறைக்கிறதில்ல. போன ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போனாங்க. எனக்குக் காய்ச்சல், போகல. பொண்ணு வந்து நிக்குது... கண்ணாடியக் காணோம்!

பரிமளம்மா அப்புடியே எந்திரிச்சிட்டாங்களாம். "மூத்தத மறச்சு வச்சிட்டு எளையதக் காட்டுறாங்க, தாலி கட்டுறப்ப மாத்திருவாங்க"ன்னு ஒரே ஆர்ப்பாட்டம். அங்க மூத்ததும் இல்ல எளையதும் இல்ல, ஒத்தப் பொண்ணுங்க! சொன்னாக் கேட்டாத்தானே? "தேரன்னைக்குக் கோயில்ல நானே பார்த்தேன், வெயில்ல கண்ணாடி பளபளன்னு மின்னுச்சு"ன்னு சத்தியம் பண்றாங்க. நான் போய்ச் சொல்ற வரைக்கும் அப்புடி ஒரு பொண்ணு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது! ஆனாலும் பாருங்க, எனக்கு ஒரு சாட்சி கெடச்சிருச்சு.

பொண்ணோட அப்பா இருக்காரே, அவரு என்னயப் புடிச்சு ஏசுறாரு. "எம்மக பொறந்ததுல இருந்து கண்ணாடி போட்டதில்லய்யா"ன்னு. பெத்த தகப்பன்தான், இல்லேங்கல. வயசாயிருச்சு, ஞாபகம் தடுமாறுது, பாவம்.

அதவிடப் பாவம் பையன். "கண்ணாடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அந்தப் பொண்ணுதான் வேணும்"னு சரியாச் சாப்பிடுறது கூட இல்லயாம். பரிமளம்மா விட்டாங்களா? இன்னைக்குச் சாயங்காலம் வேற எடத்துல வாக்குக் குடுக்கப் போறாங்க. அதத் தடுக்கத்தான் விழுந்தடிச்சு ஓடுறேன். ஏங்க சிரிக்கிறீங்க? மொகமெல்லாம் செவந்து போச்சு! எம்பொழப்பு அவ்ளோ சிரிப்பா இருக்கா?

எறங்கப் போறீங்களா? நானும் இங்கதான். யாரு வீட்டுக்கு? ...தனபாலன் வீட்டுக்கா! நீங்க எதுக்கு அங்க... என்னது? ஞானேஸ்வரியா? ஹுன்னஸ்கிரியவா? ...கணக்கு டீச்சரா?

அட முருகா!

எம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு வர்றேன், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சரி சரி, நான்தான் விடல. அப்ப பரிமளம்மாகிட்ட நீங்களே நேர்ல பேசப் போறீங்களா? பலே! பையன் சந்தோசத்துல கடையவே சாத்திருவான். போங்க, போங்க... ஐயோ, இருங்க இருங்க! ஓடாதீங்கம்மா! இப்புடியே போனா அந்தம்மா நம்ப மாட்டாங்க. எனக்கே இன்னும் நம்ப முடியல. பாலந் தாண்டினா ஒரு கண்ணாடிக் கட இருக்கு. தங்கப் பிரேமா ஒண்ணு எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிருங்க. நீங்க கண்ணாடி போட்டாத்தாம்மா எங்க கண்ணுக்குத் தெரியுறீங்க!