பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது

லைஃப் ஜாக்கெட்டை வெயிலில் காயப்போடக் கூடாது. நிழலில், காற்றாடத் தொங்கவிட வேண்டும். இதை நம் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், ஏனென்றால் இங்கே லைஃப் ஜாக்கெட் நனைவதே இல்லை. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கவரோடு அப்படியே கிடக்கும். புதுக் காரின் சீட்டில் ஒட்டியிருக்கும் கவரை மூன்று வருடம் பிரிக்காமல், முதுகு வேர்க்க வேர்க்க உட்கார்ந்து போகிறவர்கள்தானே நாம்.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், இன்ஸ்பெக்டர் அம்மா சம்மதித்தார். அவருடைய ரைட்டர் "படகு கவிழ்ந்த விபத்து" என்று ஆரம்பித்திருந்தார். எனக்கு அந்த வார்த்தை ஆகாது. இருபத்தோரு வருடம் வளைகுடாவில் ஒரு படகுத்துறையில் உல்லாசப் படகுகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தவன் நான். அங்கே விபத்து என்று எழுத விடமாட்டார்கள். யார் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்று எழுதச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் சாமிதுரை. ஊர் பாபநாசம். வயது ஐம்பத்தெட்டு. படகின் சொந்தக்காரர் இராஜாங்கம், என் தங்கை பிரகதாம்பாளின் கணவர். கொள்ளிடம் கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் மேலே, ஆறு அகன்று கிடக்கிற இடத்தில் அவருக்கு இறால் பண்ணை இருக்கிறது. போன ஆவணியில் கொச்சியிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிவந்து பண்ணையில் இறக்கினார். பதினெட்டு அடி நீளம், ஆறு பேர் போகலாம். மீன்பிடிக்க இல்லை, சும்மா சுற்றிவரத்தான். கார் வைத்திருப்பவன் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறான், போட் வைத்திருப்பவன் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். "எங்க அண்ணனுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்று தங்கை சொன்னதால் பராமரிப்பு என் தலையில் விழுந்தது. வாரம் ஒரு நாள் பஸ் பிடித்து வருவேன். கழுவுவேன், எஞ்சினில் நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போக ஓடவிடுவேன், பேட்டரியைப் பார்ப்பேன்.

என் பேச்சை மட்டும் அவர் கேட்டதில்லை. ஆறு பேர்தான் ஏறலாம் என்று எழுதியிருந்த தகட்டின் மேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்காக ஒரு சிவப்புக் கயிறு உண்டு, அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் அதில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார். நான் ஜாக்கெட்டுகளின் கவரைப் பிரித்து வைத்துவிட்டுப் போனால், மறுவாரம் அவை புதுக் கவருக்குள் டேப் ஒட்டி உட்கார்ந்திருக்கும். "விருந்தாளி வர்ற எடம் மச்சான், அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார். பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

விஜயதசமியன்று முதன்முதலாகப் படகை ஆற்றில் இறக்கினார்கள். இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். படகின் பின்புறம், அடியில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். படகு கரையில் நிற்கும்போது உள்ளே சேர்ந்த மழைத்தண்ணீர் அது வழியாக வடியும். ஆற்றில் இறக்குமுன் பித்தளை பிளக்கைத் திருகி அதை மூட வேண்டும். படகு வைத்திருப்பவர்கள் மறப்பதில் இதற்குத்தான் முதலிடம். இராஜாங்கமும் மறந்தார். தேங்காய் உடைத்தார், பூசணிக்காய் சுற்றினார், நல்ல நேரம் பார்த்தார், பிளக்கைப் பார்க்கவில்லை. டிராக்டர் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. எட்டுப் பேர் ஏறிவிட்டார்கள். அவர் எஞ்சினைக் கிளப்பிய பிறகுதான் டிரெய்லர் மேல் பிளக் கிடப்பது என் கண்ணில் பட்டது. "நில்லுங்க, போகாதீங்க" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

திரும்பி வந்தார்கள். நான் தண்ணீரில் இறங்கி பிளக்கைத் திருகினேன். நிமிர்ந்தபோது அவர் என் முகத்துக்கு நேரே நின்றார். "கெளம்புற நேரத்துல பின்னாலேருந்து போகாதீங்கன்னு கத்துறீங்களே, அறிவு இருக்கா மச்சான்? நல்ல காரியத்துல வாய வைக்கிறதுக்குன்னே வந்தீங்களா?" ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய சிநேகிதர் முகம்மது யூசுப், சீர்காழியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அவர் ஒருவர்தான் "விடுங்க ராஜாங்கம், அவரு நல்லதுக்குத்தானே சொன்னாரு" என்றார். அதையும் இவர் காதில் வாங்கவில்லை. இன்னொரு தேங்காய் வரவழைத்தார். என் வாய் பட்ட தோஷம் போக மறுபடி சூடம் ஏற்றச் சொன்னார். ஏற்றியது என் தங்கை. சூடத்தட்டு அவள் கையில்தான் இருந்தது. அண்ணன் வாயிலிருந்து வந்ததைக் கழிக்கத் தங்கையே சூடம் சுற்றினாள். ஈர வேட்டியோடு நின்று அதைப் பார்த்தேன். அன்று பிடித்த கோபம் இதை எழுதும்போதும் எனக்குள் இருக்கிறது. நான் எட்டு உயிரைக் காப்பாற்றியிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சட்டம் போட்டார். அவர்கள் கிளம்பும்போது நான் பண்ணைக் கொட்டகையை விட்டு வரக்கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றேன். பிளக்குக்கும் ஒரு சட்டம் போட்டார். அதை யாரும் எப்போதும் கழற்றவே கூடாது. கழற்றினால்தானே மாட்ட மறப்பது என்றார். உள்ளே மழைத்தண்ணீர் தேங்கி வயரெல்லாம் கெட்டுப்போகும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கழற்றவே கழற்றாத ஒன்றை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு நான்கு முறை படகு போய்வந்தது, நான்கு முறையும் ஒருவர்கூடப் பின்பக்கம் வந்து பார்க்கவில்லை. கொட்டகையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காணும் பொங்கல் வியாழக்கிழமை வந்தது. ஒன்றரைக்கு ராகு காலம். ஒன்றேகாலுக்குள் படகு கரையை விட்டுவிட வேண்டும் என்று அவர் பன்னிரண்டரையிலிருந்து எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். ஒன்பது பேர். யூசுப், அவர் மனைவி கமருன்னிஸா, இராஜாங்கத்தின் உறவுக்காரர்கள் ஐந்து பேர், இராஜாங்கம், என் தங்கை. அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம், அதுவரை படகில் ஏறியதே இல்லை. அன்றும் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கரையில் இருக்கப்போவதாகத்தான் சொன்னாள். கொட்டகைக்கு வந்து எனக்கு இலையில் சர்க்கரைப் பொங்கலும் புளிசாதமும் வைத்தாள். "நீங்களும் வாங்கண்ணே, கோவத்த விடுங்க" என்றாள். வரவில்லை என்றேன். பிறகு கமருன்னிஸா கையைப் பிடித்து இழுத்ததில் அவளும் ஏறிவிட்டாள்.

ஓடிக்கொண்டிருக்கும் வரை அந்தத் துளை வழியாகத் தண்ணீர் அவ்வளவாக ஏறாது. வேகத்தில் போகும் படகு உள்ளே இருப்பதையும் சேர்த்து வெளியே தள்ளும். நின்றால்தான் ஏறும். ஏறுவதும் தளப்பலகைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாது. ஆறு மிகவும் ஆழமாக இருக்கிற இடத்தில், கடல்நீர் பின்வாங்குகிற வற்றத்தின் இழுப்பில், எல்லோருமாகச் சேர்ந்து போட்டோ எடுக்க எஞ்சினை நிறுத்தினார்கள். பத்து நிமிடம் இருக்கும் என்று யூசுப் சொல்லியிருக்கிறார். கால் நனைந்ததும் எல்லோரும் பயந்து ஒரே பக்கம் ஒதுங்கினார்கள். அவ்வளவுதான். ஜாக்கெட்டுகள் சீட்டுக்கு அடியில் கவரோடு இருந்தன. டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தபோதே படகு புரண்டதாகவும் யூசுப் சொன்னார். நான்கு பேர் போய்விட்டார்கள். இராஜாங்கத்தின் சித்தப்பாவும் சித்தியும், கமருன்னிஸா, பிரகதா.

இராஜாங்கம் வலை கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார். ஆஸ்பத்திரியில் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாராம். அழட்டும்.

பிளக் எப்படிக் கழன்றது என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். அது கழலாது, கழற்றத்தான் வேண்டும். அன்று காலை எட்டு மணிக்கு நான் கழற்றினேன். மார்கழி மழைத்தண்ணீர் உள்ளே நாறிக்கொண்டிருந்தது, வடியவிட வேண்டியது பராமரிப்பவனின் கடமை. ஒன்பது மணிக்கெல்லாம் வடிந்துவிட்டது. டிராக்டர் ஓட்டுகிற ரெத்தினம் படகை ஆற்றில் தள்ளியது ஒரு மணிக்கு மேல். இடையில் நான்கு மணி நேரம் எனக்கு வேறு வேலை இல்லை. மறதி என்று எழுதிக்கொள்ளலாம், ஆனால் எனக்கு மறதி கிடையாது.

உள்ளே தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடி வெளியேற்ற ஒரு சின்ன மோட்டாரும் இருக்கிறது. அதன் ஃப்யூஸ் என் பேன்ட் பாக்கெட்டில் இருந்ததை இன்ஸ்பெக்டர் அம்மாவே எடுத்தார். அதையும் நான்தான் பிடுங்கினேன். அது ஓடியிருந்தால் ஓட்டை இருப்பதே தெரியாமல் போயிருக்கும், பிளக்கைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் இராஜாங்கத்துக்குக் கடைசிவரை ஏறியிருக்காது.

கொலை செய்ய நினைத்தாயா என்று கேட்டார் அம்மா. இல்லை. கிளம்புமுன் குனிந்து பார்க்கிற எந்த மனிதரும் அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிற ஒன்றைத்தான் செய்தேன். அவர் குனிந்து பார்ப்பார், அசிங்கப்படுவார், என்னை ஏறிட்டுப் பார்ப்பார், அது போதும் என்று இருந்தேன். பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தார். அப்போதாவது கூப்பிட்டிருக்கலாமே என்றார் அம்மா. கிளம்பினவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று எனக்குத்தான் ஐம்பது பேர் முன்னால் சொல்லிக்கொடுத்தார்களே. படகில் ஏறியவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வாக்குமூலத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். அதனால் கீழே எழுதுகிறேன்.

பிரகதா கேட்டாள். படகு தண்ணீரில் நின்றது, அவள் பின்சீட்டில் கமருன்னிஸாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டகைப் பக்கம் திரும்பி, "அண்ணே, எல்லாம் சரியா இருக்கா? போகலாமா?" என்றாள். "அவர ஏன் கேக்குற?" என்றார் இராஜாங்கம். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் சொல்கிற வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறைய நேரம் இருந்தது. சூடத்தட்டு பிடித்த அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கும்மா, போயிட்டு வா" என்றேன்.

ஆனால் படகில் ஒரு சந்தேகம் என்றால் ஓட்டுகிறவரைத்தான் கேட்க வேண்டும், கரையில் நிற்கிறவனை அல்ல. அதுதான் முறை. அவள் முறையாகக் கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.