பதினோரு மணி நேரம் சும்மா

இல்ல சார், இருங்க, வைவா மார்க்க இப்ப போடாதீங்க. பேனாவ ஒரு நிமிஷம் மூடி வைங்க. எங்க கைடு மேடம் ஃபோன் பேசிட்டு உள்ள வர்றதுக்குள்ள சொல்லிடுறேன், அவங்க இருந்தா என்னப் பேச விட மாட்டாங்க. என்னைய ஃபெயில் பண்ணிடுங்க சார்.

சிரிக்காதீங்க. பயத்துல உளறல. வெளிய வரிசையில நிக்கிறாங்களே எங்க கிளாஸு, அவங்களக் கேட்டுப் பாருங்க, கீர்த்திக்குப் பேசப் பயம் இருக்குதான்னு. ஐயம்பேட்டையிலேர்ந்து வர்ற ஷேர் ஆட்டோல நான் ஏறினாலே டிரைவர் அண்ணன் பாட்டு சத்தத்த ஏத்திடுவாரு. அந்த ஆளு நான்.

பைண்டிங் நல்லா இருக்குதா? தேங்க்ஸ் சார். கலர் சார்ட்டும் நல்லா இருக்குது, தெரியும். கைடு மேடம் பெஸ்ட் ப்ராஜெக்ட்டுக்கு என் பேர வேற குடுத்திருக்காங்க. அதான் சார் பிரச்சினையே. பாக்க அழகா இருக்குது, அதனால யாரும் சந்தேகப்பட மாட்டேங்கிறாங்க. இந்த ரிப்போர்ட்டு தப்புன்னு நீங்க ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டுக் குடுக்கணும். குடுத்தா ஒருத்தங்களுக்குப் போன வேல திரும்பக் கெடைக்கும்.

டிசைனர் சி-க்கு சார். நாப்பத்து மூணாம் பக்கம். பேரு போடக் கூடாதுன்னு ஏ, பி, சின்னு போட்டேன். மூணே பேரு வேல பாக்குற எடத்துல ஏ, பி, சின்னு போட்டா யாருன்னு தெரியாதாம். நல்ல ரகசியம். சி-ன்னா அஞ்சும் அக்கா.

அந்த ஆபீஸ் பிள்ளையார்பாளையத்துல மாடியில இருக்குது சார். நெய்யுற எடமில்ல, பட்டுப் புடவைக்கு டிசைன் போடுற எடம். பார்டர்ல ஒரு மயிலு வரணும்னா, அந்த மயில கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா நெரப்பி, தறிக்குப் போற மாதிரி ஃபைலு பண்ணிக் குடுக்கணும். ஒரு கட்டம் தப்பினா புடவையில ஒரு இழ தப்பும். மூணு டிசைனரு, பத்தொம்போது புடவைக் கடக்காரங்க. ஒவ்வொரு கடக்காரரும் தனக்கு மட்டுந்தான் இந்த ஆபீஸ் நடக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்காரு. ஒருத்தரு வாட்ஸ்அப்ல வாய்ஸ் போடுறாரு, மயிலு கொஞ்சம் கோவமா இருக்குதும்மா, சிரிச்ச மாதிரி பண்ணுங்கன்னு. மயிலு எப்பிடி சார் சிரிக்கும்? சின்ன சேஞ்சுதானேன்னு கேப்பாரு. அந்த சின்ன சேஞ்சுக்கு மூவாயிரம் கட்டம் கலைச்சுத் திரும்பப் போடணும். போட்டு அனுப்புனா, மொதல்ல இருந்ததே பரவால்லம்மான்னு பதில் வரும்.

நான் இன்டர்ன்ஷிப்புக்குப் போன மொத வாரம், லோகேஷ் அண்ணன், அவருதான் டிசைனர் ஏ, சாப்பாட்டுப் பையில டிபன் பாக்ஸ வைக்கிறதுக்குப் பதிலா மவுச வச்சு வீட்டுக்கு எடுத்துனு போயிட்டாரு. அண்ணி ஃபோன் பண்ணிக் கேக்குறாங்க, இத நான் கழுவவா வேணாவான்னு. விக்னேஷு, பி, அவன் காலையில ஹெட்ஃபோன் மாட்டினா சாயந்தரந்தான் கழட்டுவான், நடுவுல நெருப்புப் புடிச்சாலும் தெரியாது. அஞ்சும் அக்காவுக்கு இடது கண்ணு துடிச்சிக்கினே இருக்கும். நல்ல சகுனம்னு லோகேஷ் அண்ணன் கிண்டல் பண்ணுவாரு. ஆமாண்ணா, இன்னொரு மயிலு வருதுன்னு அர்த்தம்னு அக்கா சொல்லும்.

அதப் பாத்துட்டுதான் சார் இந்த டாபிக் எடுத்தேன். கிரியேட்டிவ் டீம், கிளையன்ட் ப்ராஜெக்ட்டு, பர்ன் அவுட் ஆகாம எப்பிடி நடத்துறது. ஓனர் தினகரன் சார்ட்ட சொன்னதும், பர்ன் அவுட்னா என்னம்மா, ஃபியூஸ் போறதான்னாரு. கிட்டத்தட்ட அதான் சார்னேன். சரி செய்யி, என் பசங்களுக்கு நல்லதுன்னா செய்யின்னாரு. அவரு கெட்டவருன்னு நான் சொல்லவே இல்ல. கெட்டவரா இருந்திருந்தா எனக்கு சுலபமா இருந்திருக்கும், அவர்ட்டயே சண்ட போட்டு முடிச்சிருப்பேன்.

நான் எழுதிக் குடுத்த ரூல்ஸ்லாம் நல்ல ரூல்ஸுதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஒரு டிசைனுக்கு மூணு கரெக்‌ஷன், அதுக்கு மேல கெடையாது. ஒரு ஆளு கையில ஒரே நேரத்துல ரெண்டு கடதான். கடக்காரங்க ஃபோனு பதினொண்ணுலேர்ந்து பன்னண்டு வரைக்கும், மத்த நேரம் எடுக்க மாட்டாங்க. மொத ரெண்டு வாரம் சூப்பரா ஓடிச்சு. சிரிச்ச மயிலுக்காரருக்கு தினகரன் சாரே ஃபோன் போட்டு, அண்ணே, உங்க கரெக்‌ஷன் மூணும் முடிஞ்சிருச்சு, மயிலு இனிமே எப்பிடி இருக்குதோ அப்பிடித்தான்னாரு. ஆபீஸே கை தட்டுச்சு. லோகேஷ் அண்ணன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போயி, கொழந்த அவரப் பாத்துட்டு யாரோன்னு அழுதிருச்சாம்.

அப்புறந்தான் தினகரன் சார் நாப்பத்து மூணாம் பக்கம் பாத்தாரு.

ரூல்ஸ் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் உக்காந்து அளந்தேன் சார். அர மணி நேரத்துக்கு ஒரு கட்டம். வரைஞ்சா பச்ச, கரெக்‌ஷன் பண்ணா மஞ்ச, கடக்காரர்ட்ட ஃபோன்ல இருந்தா சிவப்பு. எதுவுமே இல்லன்னா வெள்ள. எங்க ரொம்ப சிவப்பு இருக்குது, எங்க ரொம்ப மஞ்ச இருக்குதுன்னு காட்டத்தான் அத செஞ்சேன். அவரு கண்ணுக்கு வெள்ளதான் தெரிஞ்சது. ஏ-க்கு வாரத்துல ரெண்டு மணி நேரம். பி-க்கு ஒன்ற. சி-க்குப் பதினோரு மணி நேரம். பதினோரு மணி நேரம் சும்மா!

நல்ல டிசைனருக்கு யோசிக்க நேரம் வேணும், நீங்க சொல்றது சரிதான். நான் தினகரன் சார்ட்ட அதத்தான் சொன்னேன். யோசிக்கட்டும்மா, ஆனா லோகேஷு ரெண்டு மணி நேரத்துல யோசிக்கிறானே, இதுக்கு மட்டும் ஏன் பதினொண்ணுன்னாரு. நான் சொல்லலம்மா, உன் சார்ட்டு சொல்லுதுன்னாரு.

அப்புறம் என்ன, அக்காவுக்கு ரூலுக்கு மேல ரெண்டு கட குடுத்தாரு. செஞ்சிச்சு. மூணாவதா ஒண்ணு குடுத்தாரு. முடியாது சார்னுச்சு. அவரு அந்தப் பக்கத்த பிரின்ட் எடுத்து கீபோர்டு மேல வச்சாரு. பதினோரு மணி நேரம் சும்மா இருக்குற உனக்கு முடியலையா, அப்ப மத்தவங்களுக்கு எப்பிடிம்மா முடியுதுன்னாரு. அக்கா அந்தப் பேப்பர முழுசாப் படிச்சிச்சு. என்ன ஒரு தடவ பாத்துச்சு. அப்புறம் நாற்காலியில முதுகுக்கு வச்சிருக்குமே ஒரு தலகாணி, அத எடுத்துக்கினு போயிடுச்சு. நானா இருந்தா போடுற சத்தத்துல அந்த மாடியே இடிஞ்சிருக்கும் சார்.

கேட்டேன் சார், கேக்காம இருப்பேனா? கணக்கு தப்பு, அவங்களத் திரும்பக் கூப்புடுங்கன்னு போயி நின்னேன். எங்க தப்புன்னாரு. நீயே போட்ட கணக்கு, உங்க மேடம் கையெழுத்து போட்டிருக்காங்க, இப்ப சிநேகிதத்துல மாத்திப் பேசுற, உங்க காலேஜு எழுத்துல தப்புன்னு குடுக்கட்டும், நானே நேர்ல போயிக் கூப்புடுறேன்னாரு. சொன்னா செய்வாரு. அதனாலதான் உங்ககிட்ட இப்பிடிக் கெஞ்சிக்கினு இருக்கேன்.

சரி, தப்பு சொல்றேன், எழுதிக்கோங்க. மூணே பேர வச்சு ஒரு முடிவுக்கு வரலாமா? கேஸ் ஸ்டடின்னா வரலாமா. சரி. நான் அளந்த ரெண்டு வாரத்துல ஒரு வாரம் வைகாசி உற்சவம். கருட சேவைக்கு ஊரே தெருவுல நிக்கிது, எந்தக் கடக்காரரு ஃபோன் பண்ணுவாரு? அது சாதாரண வாரமா? லிமிட்டேஷன்ஸ்ல போட்டா போதுமா! சரி, இது? அஞ்சு நிமிஷம் ஃபோன் பேசிட்டு வந்தா, மயிலு வாலுல எந்தக் கட்டத்துல விட்டோம்னு கண்டுபுடிக்க இருவது நிமிஷம் ஆகும், அது எந்தக் கலர்லயும் வரல. ஃபர்தர் ஸ்கோப்பா? ஏன் சார், எல்லாத் தப்புக்கும் ஒரு சாப்டர் வச்சிருக்கீங்க! தப்ப கொண்டாந்து குடுத்தா அதுக்குத் தலைப்பு போட்டுத் திருப்பிக் குடுக்குறீங்க. நீங்களும் தினகரன் சாரும் ஒண்ணாப் படிச்சீங்களா?

சாரி சார். கோவத்துல வந்திருச்சு.

அஞ்சும் அக்கா வீட்டுக்குப் போனேன், போன ஞாயித்துக்கெழம. அவங்க அம்மா ஜுபைதா ஆன்ட்டி, உக்காரும்மா, சாப்புட்டுத்தான் போவணும்னு தட்டு வச்சிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பொண்ணு லீவுல இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. அக்கா எதிர்ல உக்காந்து, வைவா எப்ப கீர்த்தி, நல்லா பண்ணும்மா, சார்ட்டு நல்லா வந்திருக்குதுன்னுச்சு. நெஜமாவே சொல்லுச்சு, குத்திக் காட்டல. குத்திக் காட்டியிருந்தா திருப்பிப் பேசியிருப்பேன்.

இல்ல சார், சிநேகிதத்துக்காக இல்ல. தினகரன் சாரும் அதையேதான் சொன்னாரு, நீங்களும் அதையேதான் சொல்றீங்க. டேட்டா தப்பு. டேட்டா எங்க தப்புன்னா... ஆமா, அந்த வெள்ளக் கட்டந்தான். அந்த நேரத்துல அக்கா என்ன செஞ்சாங்கன்னு கேக்குறீங்களா? அதுதான் கேள்வி, இல்ல? ரெண்டு மாசமா ஒருத்தரும் கேக்கல அத. தினகரன் சார் கேக்கல, கைடு மேடம் கேக்கல. யாராவது கேட்டிருவாங்களோன்னு நானும் சாம்பிளு, உற்சவம்னு மத்ததெல்லாம் பேசிக்கினு இருந்தேன்.

லோகேஷ் அண்ணன் வாயத் தொறக்க மாட்டாரு. விக்னேஷு ஹெட்ஃபோன கழட்ட மாட்டான். அதனால ரெண்டு வாரமும் நான் ஸ்டூல போட்டுக்கினு அஞ்சும் அக்கா பக்கத்துலயே உக்காந்திருந்தேன் சார். அவங்க வேலைய நிறுத்திட்டு எங்கிட்டதான் பேசிக்கினு இருந்தாங்க. மூணு கரெக்‌ஷன் ரூலு, ரெண்டு கட ரூலு, பதினோரு மணி ஃபோன் ரூலு, எல்லாம் அவங்க சொன்னதுதான். நான் ஒரு கையில நோட்டு எழுதிக்கினே, மவுசு நகரலியேன்னு இன்னொரு பக்கம் வெள்ளன்னு போட்டுக்கினு இருந்தேன்.

பேனாவத் தொறந்துட்டீங்களா? தேங்க்ஸ் சார். அப்பிடியே எழுதுங்க. அந்தப் பதினோரு மணி நேரமும், ஆளுங்க சோர்ந்து போவாம எப்பிடிப் பாத்துக்கிறதுன்னு நான் கேட்டுக்கினு இருந்தேன், அவங்க கண்ணு துடிக்கத் துடிக்க பொறுமையா சொல்லிக்கினு இருந்தாங்க.